வாத்துகளுக்கும் ஆடி உண்டு

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த அருணகிரி, உத்தியோகத்தில் மட்டும் நாத்திகர். விரும்பி அப்படி ஆகவில்லை, உத்தியோகம் அப்படி. ராகு காலத்தில் செங்கம் வண்டி கிளம்ப வேண்டுமென்றால் கிளம்பித்தான் தீரவேண்டும். எமகண்டத்தில் வேட்டவலம் வண்டி போகும். கிழக்கே சூலம் இருக்கிற நாளில், கிழக்கே போகிற வண்டிகளெல்லாம் படிக்கட்டு வழிய ஆள் ஏற்றிக்கொண்டு கிழக்கேதான் போகும். இத்தனை பாவத்துக்கும் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதி அனுமதி கொடுப்பவர் அவர். ஒவ்வொரு முறையும் ஊதுவதற்கு முன் மலைப் பக்கம் திரும்பி, ‘அருணாசலா, இது நான் இல்லை, டயம் டேபிள்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

வெளியே செய்த பாவத்துக்கு வீட்டில் ஈடு கட்டினார். அவருடைய வீடு பே கோபுரத் தெருவில். கூடம், ஜன்னல் வைத்த தனி அறை ஒன்று, சமையலறை, அதைத் தாண்டினால் கிணறும் முருங்கை மரமும் உள்ள கொல்லை. அந்த வீட்டில் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் ஒரு சாமானும் நகர்ந்ததில்லை. ஒரு தடவை பீரோ வாங்கினார். வண்டிக்காரர் இறக்கி முடிப்பதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. அடுத்த நல்ல நேரம் அமைகிறவரை பீரோ வாசலிலேயே நின்றது. தெருவில் போன கிடா ஒன்று கண்ணாடிக்குள் இன்னொரு கிடாவைக் கண்டு ஆவேசப்பட்டு முட்டியதில் கண்ணாடி தூள்.

“பார்த்தியா பச்சை? நேரம் தப்பி உள்ளே வந்திருந்தா நம்ம மண்டையில்ல உடைஞ்சிருக்கும்” என்றார் அருணகிரி. பதில் சொல்ல மனைவி பச்சையம்மாள் அங்கே இல்லை. கிடாக்காரரோடு சண்டை போடப் போயிருந்தாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் இவர்களுடைய ஒரே மகள் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி ராஜமாணிக்கம் போளூரில் மணிலாக் கொட்டை மண்டி வைத்திருந்தவர். கடலையைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்தே உள்ளே பருப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் குலுக்கிப் பார்ப்பார். நிச்சயதார்த்தத்தில் எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றப் போகிற சமயத்தில் ஒரு குலுக்கு குலுக்கினார்.

“எங்க மூர்த்தி கூட்டத்துல படுத்துப் பழக்கமில்லாதவன். மாமியார் வூட்டுக்கு வந்தா தனி ரூமு இருக்குதா?”

அருணகிரி அப்போது தட்டு மாற்றுவதற்கு இன்னும் எத்தனை நிமிஷம் நல்ல நேரம் பாக்கி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரமாக நின்ற பச்சையம்மாள்தான் பதில் சொன்னாள்.

“இருக்குதுங்க. ஜன்னலு வச்ச ரூமு. நல்லா காத்து வரும். மாப்பிள்ளை எப்ப வந்தாலும் அது அவருக்குத்தான்.”

சொல்லியாகிவிட்டது. பெண் வீட்டில் சொன்ன சொல். அது பொய்யானால் அதற்கு வட்டி கட்டப்போவது போளூரில் வாழப்போகிற மகள் என்பது பச்சையம்மாளுக்குத் தெரியும். ‘உங்க அம்மா சொன்ன ரூமு’ என்று ஆரம்பித்தால் ஒரு மாமனாரால் இருபது வருஷம் பேச முடியும்.

கல்யாணம் முடிந்து பெண் போன பிறகு அருணகிரி வேலையிலிருந்து வந்ததும் அந்த அறையை எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. செருமிக்கொண்டு வந்துவிடுவார். இது ஒரு வாரம் நடந்தது. பிறகு ஒரு நாள், கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மச்சினன் இருசப்பன் வீட்டுக்குப் போனார்.

இருசப்பன் கழனியில் அறுப்பு முடிந்து, வாத்துக்காரர் ஒருவர் தன் மந்தையை இறக்கியிருந்தார். சிந்தின நெல்லையும் நத்தையையும் வாத்துகள் மேயும். கழனிக்கு எருவும் ஆகும். இரண்டு பேருக்கும் லாபம். மேய்ச்சல் முடிந்து அவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு கூடையில் ஏழு குஞ்சுகள் இருந்தன. “சத்தில்லாதது சாமி. மந்தையில போட்டா மிதிபட்டுப் போயிடும். வேணும்னா எடுத்துக்குங்க” என்றார்.

அருணகிரி உட்கார்ந்து கூடைக்குள் பார்த்தார். ஏழு மஞ்சள் பந்துகள். “எப்பப் பொறந்தது?”

“அமாவாசை அன்னிக்கு.”

“எத்தனை மணிக்கு?”

வாத்துக்காரர் திரும்பி இருசப்பனின் முகத்தைப் பார்த்தார். இருசப்பன் சொன்னான்: “மாமா, அவரு கையில கடியாரம் இருந்தா ஏன் வாத்து மேய்க்கிறாரு? பஸ் ஸ்டாண்டுல உங்க பக்கத்துல இல்ல நிப்பாரு.”

மணி தெரியாவிட்டாலும் நட்சத்திரம் தெரிந்தது. வைகாசி அமாவாசை, ரோகிணி. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தானே பல வருஷமாக விசில் ஊதி அனுப்பிய பஸ்ஸில், ஒரு தகப்பனின் ஜாக்கிரதையோடு வந்து சேர்ந்தார்.

“இன்னாங்க இது?” என்றாள் பச்சையம்மாள்.

“ரோகிணி நட்சத்திரம். ரிஷப ராசி.”

“அதக் கேக்கல. இன்னான்னு கேட்டேன்.”

வாத்து என்று தெரிந்ததும் அவள் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. கழனிக்காட்டில் வளர்ந்தவள், வாத்து அவளுக்குப் புதிதில்லை. இறகு முளைக்கிறவரை காக்கை, பருந்து, பூனை எதுவும் அண்டாமல் உள்ளே வைக்க வேண்டும், அப்புறம் கொல்லைக்கு என்று இரண்டு பேருமாக முடிவு செய்தார்கள். உள்ளே என்றால் எங்கே? காலியாக இருந்தது அந்த ஜன்னல் வைத்த அறைதான். மாப்பிள்ளை ஆடிக்கு முன்னால் வரப்போவதில்லை. ஆடிக்குள் இறகு வந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சோடாக்காரரிடம் வாங்கிய மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார் அருணகிரி. கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நொய்யை ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து, முருங்கைக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்து வைப்பார். மகள் குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு வேளை சோறு ஊட்டியதாகப் பச்சையம்மாளுக்கு ஞாபகம் இல்லை.

ஏழுக்கும் பேர் வைத்தார். அவருக்குத் தெரிந்த பேர்களைத்தான் வைத்தார். செங்கம், வேட்டவலம், தண்டராம்பட்டு, அவலூர்பேட்டை, சேத்துப்பட்டு, மணலூர்பேட்டை, போளூர். காலையில் அந்த அறையிலிருந்து, “வேட்டவலம் இன்னும் எழுந்திருக்கல. தண்டராம்பட்டு தட்டுல ஏறி நிக்குது. செங்கத்துக்கு வழி விடு, போளூரு!” என்று குரல் கேட்கும். தெருவில் போகிறவர்கள், மனிதர் வேலையை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்று இரக்கப்பட்டார்கள்.

வாத்துக்காரர் ஒரு எச்சரிக்கை செய்திருந்தார். தாயோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து எண்ணெய்ப் பசை ஏறும், அதனால் தண்ணீர் ஒட்டாது. தாயில்லாத குஞ்சு நனைந்தால் விறைத்துவிடும். அருணகிரி இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை வந்ததும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனி, பெண்களுக்கு வெள்ளி என்பது சாஸ்திரம். எது ஆண், எது பெண் என்று தெரியாததால் வெள்ளியும் சனியுமாக இரண்டு நாளும் தேய்த்துவிட்டார். ஏழும் ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்த மாங்காய் மாதிரி ஆகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. பச்சையம்மாள்தான் சீயக்காய் கரைத்துக் கழுவி, பழைய வேட்டியில் துடைத்து, பல்புக்கடியில் வைத்துக் காப்பாற்றினாள்.

“தலைக்கு எண்ணெய் வச்சா உடம்புக்கு நல்லதுதானே?” என்றார் அவர்.

“உங்க தலைக்கு வச்சிப் பார்க்கலாம். அதுக்குத்தான் தேவையிருக்குது.”

நாளாக ஆக ஒரு விஷயம் தெரிந்தது. ஏழும் விசிலுக்குக் கட்டுப்பட்டன. அருணகிரி ஒரு ஊது ஊதினால் பெட்டியை விட்டு இறங்கி வரிசையாக அவர் பின்னால் நடக்கும். பஸ் ஸ்டாண்டில் எந்த டிரைவரும் அவருக்குக் கொடுக்காத மரியாதை. வேறு யார் கூப்பிட்டாலும் அசையாது.

ஆனி பாதியில் இறகு முளைத்துவிட்டது. வாத்து வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம், மூக்காலும் தெரிந்துகொள்ளலாம். பச்சையம்மாள் இருசப்பனை வரவழைத்து, கொல்லையில் மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்து ஒரு கொட்டாய் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் வழிந்து போகிற பள்ளத்தை வெட்டி ஆழமாக்கினாள். வாத்துக்கு வேண்டியது சேறும் தண்ணீரும், இரண்டும் தயார். மிச்சம் இருந்தது ஏழு வாத்துகள் சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டியது ஒன்றுதான்.

இங்கேதான் அருணகிரி பஞ்சாங்கத்தை ஆணியிலிருந்து எடுத்தார்.

“புது வூட்டுக்குக் குடி போறது. நாள் பார்க்காம முடியாது.”

“கொட்டாய்ங்க அது.”

“கூரை இருந்தா வூடு.”

பார்த்த முதல் நாள் அஷ்டமி. அடுத்தது நவமி. அப்புறம் செவ்வாய்க்கிழமை. நல்லதாக ஒரு நாள் அகப்பட்டது. உற்றுப் பார்த்ததில் ஓரத்தில் கரிநாள் என்று போட்டிருந்தது. பச்சையம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வேலைக்குப் போன ஒரு பகலில் ஏழையும் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டாயில் விட்டாள். அவை தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வந்து அறைக்கதவுக்கு முன்னால் நின்று கத்தின. வருகிற வழியில் வேட்டவலத்தின் காலில் முருங்கைக் குச்சி ஒன்று குத்திவிட்டது. சாயந்தரம் அருணகிரி வந்தபோது வேட்டவலம் ஒரு காலை நொண்டியபடி வரவேற்றது.

“எத்தனை மணிக்குத் தூக்கின?”

“ஒண்ணரை இருக்கும்.”

“வியாழக்கிழமை ஒண்ணரைக்கு! ராகு காலம் ஆரம்பம்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஏழுக்கும் சூடம் சுற்றிப் போட்டார். பச்சையம்மாள் அதற்கப்புறம் தானாகத் தொடவில்லை. ஒரு வாத்துக்கு ஏதாவது ஆனால் அந்த பீரோவை விட அதிக காலம் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் போளூர் வண்டிக் கண்டக்டர் மூலமாக மகளிடமிருந்து சேதி வந்தது. ஆடிப் பிறப்பு விருந்துக்கு மாப்பிள்ளையோடு மாமனாரும் வருகிறார். ஆனி கடைசியில் பௌர்ணமி. மூன்று பேரும் முதல் நாள் ராத்திரி மலை சுற்றிவிட்டு, விடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவார்கள். மூர்த்தி சாயந்தரம் அப்பாவோடு ஊருக்குத் திரும்பிவிடுவான். கல்யாணமான முதல் ஆடி என்பதால் ஆதிலட்சுமி மாசம் முழுக்க அம்மா வீட்டில். ‘அந்த ஜன்னலு வச்ச ரூமுல காலை நீட்டிப் படுக்கணும்’ என்று மாமனார் இப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பச்சையம்மாள் அன்றைக்குக் கணவருக்குச் சோறு போடவில்லை. கேள்விதான் போட்டாள்.

“நாளைக்கு மாத்தலாமா?”

“நாளைக்குச் சந்திராஷ்டமம். ரிஷப ராசிக்கு ஆகாது.”

“நாளான்னைக்கு?”

“அன்னைக்கும்தான் இருக்குது.”

“அதுக்கு மறுநாள்?”

“மறுநாள் ஆடி. ஆடியில யாராவது குடி போவாங்களா? கேக்கவே பயமா இருக்குது. ஆவணி முதல் வாரம் பிரமாதமான முகூர்த்தம் ஒண்ணு இருக்குது.”

“அதுவரைக்கும் மாப்பிள்ளையை எங்கங்க படுக்க வைக்கறது? வாத்து கூடவா?”

அருணகிரி பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “மாப்பிள்ளைக்கு என்ன ராசி?”

பச்சையம்மாள் எழுந்து போய்க் கொல்லையில் நின்றாள். கொட்டாய் காலியாக இருந்தது. அது ஆவணிக்காகக் காத்திருந்தது.

ஆடி பிறந்தது. விடிந்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். மலையை முழுக்கச் சுற்றிவிட்டு வந்த கால்கள்; மூன்று பேரும் நடக்கவில்லை, நகர்ந்தார்கள். அருணகிரி அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டிருந்தார். ராஜமாணிக்கம் செம்புத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, “எங்கம்மா அந்த ரூமு?” என்றார்.

அறை பூட்டியிருந்தது. “சுண்ணாம்பு அடிச்சிருக்குதுங்க. இன்னும் காயல” என்றாள் பச்சையம்மாள். ஆதிலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்க்கவில்லை.

ராஜமாணிக்கம் மூக்கைத் தூக்கினார். “சுண்ணாம்பு வாசனையே காணுமே. வேற ஏதோ இல்ல வருது?”

“பழைய சுண்ணாம்புங்க.”

கூடத்தில் பாய் விரித்தாள். மூர்த்தி ஒரு மூலையில் சுருண்டு படுத்தான். நல்ல பையன், வாய் திறக்காதவன். உள்ளேயிருந்து ஒரு ‘குவாக்’ கேட்டது. ராஜமாணிக்கம் ஒரு கண்ணைத் திறந்தார். பச்சையம்மாள் பலமாக இருமினாள். அடுத்த ‘குவாக்’குக்கு ஆதிலட்சுமியும் இருமினாள். விருந்து தயாராகிறவரை அந்த வீட்டில் தாயும் மகளும் இருமிக்கொண்டே வடை தட்டினார்கள்.

மதியம் அருணகிரி வந்து சேர்ந்தார். கூடத்தில் தலைவாழை இலை போட்டு மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள். தேங்காய்ப்பால் பாயசம் விழுந்தது. ராஜமாணிக்கத்துக்குக் கால் வலி கொஞ்சம் குறைந்து, சம்பந்தியைக் குலுக்கிப் பார்க்கும் ஆசை வந்தது.

“அது இன்னா சம்பந்தி, வூட்டுலயும் கழுத்துல விசிலு? அதை ஊதினாத்தான் சம்பந்தியம்மா சோறு போடுவாங்களா?”

அருணகிரி சிரித்தார்.

“எங்கே, ஒரு தடவை ஊதுங்க பார்ப்போம். பஸ்ஸெல்லாம் எப்படித்தான் பயந்துனு ஓடுதுன்னு பார்க்கணும்.”

“வேணாங்க” என்றாள் பச்சையம்மாள், பாயச வாளியோடு.

“சம்பந்தி கேக்கறாரு இல்ல?” என்று அருணகிரி ஊதினார்.

அறைக்குள் ஒரு கலவரம் எழுந்தது. ஏழு உடம்புகள் கதவில் மோதின. பூட்டு நல்ல பூட்டுதான். கொண்டிதான் பழசு. அது கழன்று விழ, கதவு திறந்தது. செங்கம் முன்னால் வர, ஏழும் வரிசை கலையாமல், ராஜமாணிக்கத்தின் இலை வழியாக, மூர்த்தியின் இலை வழியாக நடந்தன; ஆறு அருணகிரியின் முன்னால் வந்து நின்றன. கடைசியாக வந்த வாத்துக்குப் பாயசம் பிடித்துவிட்டது. ராஜமாணிக்கத்தின் இலையிலேயே தங்கிவிட்டது.

“போளூரு! எச்சிலையில வாய் வைக்காதே!” என்று அருணகிரி அதட்டினார்.

போளூரிலிருந்து வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாத்தைச் சொன்னேன் சம்பந்தி.”

ராஜமாணிக்கம் வாத்துகளைப் பார்த்தார். திறந்து கிடந்த அறையைப் பார்த்தார். மரப்பெட்டி, வைக்கோல், தவிட்டுத் தட்டு, தரையில் இன்னும் பல. ஜன்னல் இருந்தது. காற்றும் வந்தது. அதுதான் இப்போது தொல்லை.

“எம் பிள்ளைக்குன்னு சொன்ன ரூமு இதுதானாம்மா?” என்றார். குரல் உயரவில்லை. ஆதிலட்சுமியின் கண் நிறைந்துவிட்டது. பச்சையம்மாளுக்குக் கையிலிருந்த வாளி கனத்தது.

அருணகிரிதான் பேசினார். “நான் சொல்றேன் சம்பந்தி. பின்னால புதுக் கொட்டாய் தயாரா இருக்குது. நாளு அமையல. கடைசியில சந்திராஷ்டமம் வந்துடுச்சு. இப்ப ஆடி பொறந்துடுச்சு. ஆடியில எப்படிக் குடி மாத்தறது? நீங்களே சொல்லுங்க.”

ராஜமாணிக்கம் இலைக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி யோசித்தார். திட்ட முடியாது. திட்டினால் ஆடியைத் திட்டின மாதிரி ஆகும். மண்டியில் ஒரு மூட்டையையும் அவர் ஆடியில் இடம் மாற்றினதில்லை. ஆனாலும் விட மனசில்லை. குலுக்கினார்.

“சரி சம்பந்தி. ஆடியை மதிக்கறீங்க. சந்தோஷம். இதுல ஆணு எத்தனை, பொண்ணு எத்தனை?”

“அது... பார்க்கலீங்க.”

“ரெண்டும் கலந்து ஒரே ரூமுல இருக்குதா?”

“ஆமாங்க.”

“ஆடியில? ஆணும் பொண்ணும் ஒரே ரூமுல? எம் பிள்ளையை நான் சாயந்தரம் தனியா இட்டுனு போறேன். உங்க பொண்ணு ஒரு மாசம் இங்க தனியா இருக்கப் போவுது. மனுசனுக்கு ஒரு ஆடி, வாத்துக்கு ஒரு ஆடியா?”

இத்தனை வருஷப் பஞ்சாங்க வாழ்க்கையில் இந்த இடம் அருணகிரியின் கண்ணில் படவே இல்லை. “அதுங்களுக்கு இன்னும் வயசு வரலீங்க” என்றார் மெல்ல.

“வயசு வராததுக்கா தனி ரூமு குடுத்து வச்சிருக்கீங்க?”

பச்சையம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். “சம்பந்தி சொல்றதுதான் ஞாயம். பொண்ணுங்களை உடனே அம்மா வூட்டுக்கு அனுப்பிடணும்.”

“அதுங்க அம்மா வாத்துக்காரர்கூட எந்த ஊர்ல மேயுதோ?” என்றார் அருணகிரி.

“அம்மா வூடுன்னா பொறந்த இடம் சம்பந்தி” என்று தீர்ப்புச் சொன்னார் ராஜமாணிக்கம். “வாத்து பொறந்தது வளர்ந்தது எல்லாம் சேத்துல. பின்னால சேறு இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க. நல்ல சேறு.”

“அப்ப இது குடி போறது ஆவாதா?” என்று அருணகிரி சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

“எப்படி ஆவும்? பொண்ணுங்க அம்மா வூட்டுக்குப் போறது. ஆடியில போய்த்தான் ஆவணும். ஆணுங்க அதுங்க வூட்டுல, இந்த ரூமுலயே கிடக்கட்டும்.”

ஏழில் மூன்று ஆண். கத்துவதை வைத்தே அவளுக்கு எப்போதோ தெரியும். பெண் வாத்து தெருவுக்குக் கேட்கும்படி கத்தும், ஆணுக்குத் தொண்டை கட்டின மாதிரி கரகரக்கும். மூன்று இருந்தாலும் ஏழு இருந்தாலும் அறை வாத்தின் அறைதான்.

பச்சையம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கினாள். செங்கம் ‘குவாக்’ என்றது. “பொண்ணு.” வேட்டவலம். “பொண்ணு.” தண்டராம்பட்டு கரகரத்தது. “பொண்ணு. பனியில தொண்டை கட்டியிருக்குது.”

“ஆடியில ஏதும்மா பனி?” என்றார் ராஜமாணிக்கம்.

“வாத்துக்கு எப்பவும் பனிங்க.” அடுத்தது பெண். அடுத்ததும் பெண். அதற்கடுத்ததற்கும் தொண்டை கட்டியிருந்தது. ஏழாவதாகப் போளூரைத் தூக்கினாள். பாயசம் குடித்த அலகோடு அது அவளைப் பார்த்து, டிக்கெட் கொடுத்து ஓய்ந்த கண்டக்டர் குரலில் ஒரு கத்துக் கத்தியது. பச்சையம்மாள் முந்தானையால் அதன் அலகைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“இதுவுமா பொண்ணு?” என்றார் ராஜமாணிக்கம்.

“பொண்ணுதான்பா” என்றது ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். மூர்த்தி. ராத்திரி முழுக்க நடந்து, காலையெல்லாம் கூடத்து மூலையில் சுருண்டு கிடந்த மூர்த்தி, அந்த வீட்டில் முதல்முறையாக வாய் திறந்திருந்தான். “மூஞ்சியப் பார்த்தாலே தெரியல? லட்சணமா இருக்குது.”

ராஜமாணிக்கம் மகனைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். தன் ஊர்ப் பேர் வைத்திருக்கிற வாத்து. அதன் லட்சணத்தை மறுத்துப் பேச அவருக்கு மனசு வரவில்லை. “சரி, ஏழும் பொண்ணு” என்றார்.

அருணகிரி சும்மா அனுப்பச் சம்மதிக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிற பெண்களை வெறுங்கையோடு அனுப்பினால் தெரு என்ன சொல்லும்? ஒரு தட்டில் நொய், தவிடு, மஞ்சள், வெற்றிலை வைத்தார். பிறகு நேரம் பார்க்கப் பஞ்சாங்கத்தை எட்டினார்.

“சம்பந்தி,” என்றார் ராஜமாணிக்கம், காலைப் பிடித்துக்கொண்டு, “செங்கம் பஸ்ஸை எப்படி அனுப்புவீங்க?”

“டயம் டேபிள்படி.”

“இந்தச் செங்கத்தையும் அப்படியே அனுப்புங்க. எனக்குக் காலு போவுது.”

அருணகிரி மலைப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். ஊதினார். தட்டோடு அவர் முன்னால் நடக்க, ஏழும் பின்னால் சமையலறையைத் தாண்டிப் போயின. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு நிமிஷம் தயங்கின. செங்கம் இறங்கியது. தண்ணீர் அதன் முதுகில் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு சொட்டும் ஒட்டவில்லை. அதைப் பார்த்து மற்றதும் இறங்கித் தலையை முக்கி எடுத்தன. அருணகிரி இன்னொரு தடவை மெதுவாக ஊதிப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. மகளை அனுப்பிய அன்று கார் போன திசையில் நின்ற மாதிரி, தட்டைக் கையில் வைத்தபடியே நின்றார்.

உள்ளே தாயும் மகளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறையைக் கழுவினார்கள். பினாயில் ஊற்றி, சாம்பிராணி போட்டு, புதுப் பாய் விரித்தார்கள். மூர்த்தி படுத்ததுதான் தெரியும். பக்கத்தில் ராஜமாணிக்கமும் காலை நீட்டிப் படுத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துவிட்டார்.

“வாசனை இருக்குது. எங்க மண்டியிலயும் இருக்குது. ஆனா நல்ல காத்தும்மா. சொன்ன மாதிரிதான் இருக்குது ரூமு.”

பச்சையம்மாள் சமையலறைக்குப் போய், அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

ஆவணி பிறந்தது. மூர்த்தி வந்து ஆதிலட்சுமியை அழைத்துப் போனான். வாத்துகளையும் திரும்ப அறைக்கு அழைக்க வேண்டிய முறை இருப்பதாக அருணகிரி ஆரம்பித்தார். “அழைச்சினு போறதுக்கு ஆம்பளை வூட்டுக்காரங்க வரணும் இல்ல? ஏழும் பொண்ணுன்னா ரூமுல யாருங்க இருக்காங்க வந்து கூப்பிட?” என்றாள் பச்சையம்மாள். நியாயம் அவருக்கும் புரிந்தது.

கார்த்திகைக்குப் பிறகு செங்கம் முட்டையிட்டது. பிறகு வேட்டவலம், இன்னும் இரண்டு. மிச்ச மூன்றும் இடவில்லை. அவற்றுக்கு வாலில் ஒரு இறகு சுருண்டுகொண்டு வந்தது. அருணகிரி அதை ராஜ சுழி என்றார். மார்கழிக் கடைசியில் தலைப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது பற்றிப் பேச வந்த இருசப்பன் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, “மூணு ஆணு தேறியிருக்குதே மாமா. வாலைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அருணகிரி ராத்திரிச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. “பச்சை, அது ஆணா இருந்தா ஆடியில தப்பு நடந்து போச்சு. ஆணுங்க ரூமுல இருக்கணும்னு சம்பந்தி தெளிவா சொன்னாரு. பரிகாரமா மூணையும் தை மாசம் பூரா அந்த ரூமுல வச்சிரணும்.”

பொங்கல் முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் வரப் போகிறார்கள்.

“எந்தம்பிக்கு இன்னா தெரியும்? அவனுக்கு மாட்டுக்கே வித்தியாசம் தெரியாது” என்றாள் பச்சையம்மாள். “எதுக்கும் அண்ணாமலையாரை வேண்டிக்கினு படுங்க. முட்டை போட்டா பொண்ணு. போடலைன்னா நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்.”

காலையில் அருணகிரி கொட்டாய்க்குள் குனிந்து பார்த்தார். செங்கத்தின் கீழே ஒன்றும் இல்லை. போளூரின் கீழே வெதுவெதுப்பாக ஒரு முட்டை இருந்தது. போளூருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சுருண்ட வால் ஒன்று பெண்ணென்றால் மற்ற இரண்டும் பெண்தான் என்று முடிவு செய்து, அன்றைக்கே லீவு போட்டுவிட்டு அருணகிரி நன்றிக்காக மலை சுற்றக் கிளம்பினார். பச்சையம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்து, “மெதுவா சுத்திட்டு வாங்க” என்று வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு பல வருஷங்கள் போளூர் வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டை இட்டது. சில வாரங்களில் இடாது. அந்த வாரங்களில் பச்சையம்மாளுக்கு வீட்டில் வேலை ஜாஸ்தி, விடிவதற்கு முன்னால் கொட்டாய்ப் பக்கம் போக நேரம் இருக்காது.